கல்லுப்பு கசக்குது, ஜாடியில தண்ணி விடுது: இந்துப்புக்கு மாறலாமா?

மாவடு:
மூட்டையில் வாங்கிய கல்லுப்பு, அயோடின் சேர்க்காதது. ஈரக்காற்று அடித்தால் ஜாடி அடியில் தண்ணீர் நிற்கிறது. நாக்கில் வைத்தால் கரித்து முடிந்ததும் ஒரு கசப்பு. ஊறுகாய்க்கு 4 கிலோ வேண்டும். இதையே சரிசெய்ய வழி உண்டா? இந்துப்பில் சோடியம் குறைவு என்கிறார்களே, அதற்கே மாறிவிடலாமா?

உப்பளத்தான்:
கசப்பும் கசிவும் ஒரே ஆளின் வேலை: மெக்னீசியம் குளோரைடு. கடல்நீர் ஏறக்குறைய 3 டிகிரி போமே (உப்பு நீரின் அடர்த்தியை அளக்கும் அளவு). பாத்தியில் சுண்ட, 15 டிகிரி வாக்கில் ஜிப்சம் படியும். 25 தாண்டினால் உப்பு விளையும். 29, 30-ல் மிச்ச நீரை வடித்துவிட வேண்டும். அதுதான் கசப்பு நீர். ஆசைப்பட்டு இன்னும் விளையவிட்டாலோ, வாரிய உப்பை அம்பாரத்தில் வடியவிடாமல் மூட்டை கட்டினாலோ அந்த நீர் கல்லுக்குள்ளும் மேலேயும் தங்கிவிடும். சுத்தமான உப்பு, காற்றில் ஈரப்பதம் 75 சதவீதம் தாண்டினால்தான் நீர் விடும். மெக்னீசியம் குளோரைடுக்கு 33 போதும், நம்மூர்க் காற்றில் அது எப்போதும் ஈரம்தான்.

கழுவலாம், வெறும் தண்ணீரில் வேண்டாம். உப்புதான் கரைந்து போகும். நல்ல தூள் உப்பு 90 கிராமை 250 மில்லி தண்ணீரில் கரைத்தால் அதற்குமேல் உப்பு ஏற்காத கரைசல் கிடைக்கும். 1 கிலோ கல்லுப்புக்கு அது போதும். இரண்டு நிமிடம் கிளறி, சல்லடையில் வடித்து, புதுக் கரைசலில் இன்னொரு முறை. பிறகு துணியில் பரப்பி வெயிலில் காயவிடுங்கள். கசப்பு உப்பையே கரைத்துக் கழுவினால் பாதி பலன்தான். கல்லுக்குள் சிறைப்பட்ட நீர் இதில் போகாது. கல்லைக் கொஞ்சம் இடித்துவிட்டுக் கழுவுங்க.

குடுவை:
கழுவும் முன் ஒன்றும், பின் ஒன்றும் சோதித்துப் பாருங்க. பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் 50 மில்லியில் 10 கிராம் உப்பைக் கரைத்து வடிகட்டி, அதே அளவு தெளிந்த சுண்ணாம்பு நீர் விடுங்கள். பாலாகத் திரண்டால் மெக்னீசியம். கால்சியம் இதில் திரளாது. குழாய்த் தண்ணீரில் செய்தால் அதிலுள்ள பைகார்பனேட்டே கலங்கி ஏமாற்றும். உப்பில்லாமல் ஒரு குவளை பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.

கணக்கு:
சோடியம் கதைக்கு வருவோம். சோடியம் குளோரைடில் சோடியம் 39.3 சதவீதம், எந்த மலையில் வெட்டினாலும். பாகிஸ்தான் பஞ்சாபின் கேவ்ராவில் வெட்டும் இந்துப்பை 97 சதவீதம் சோடியம் குளோரைடு என்றும் தூள் உப்பை 99 என்றும் வைத்துக்கொண்டால், நாளுக்கு 5 கிராமில் வித்தியாசம் 40 மில்லிகிராம் வருமா, அவ்வளவுதான். 'ஒரு ஸ்பூனில் குறைவு' என்பது கல் பெரிசாக இருப்பதால் இடையில் காற்று நிற்பது. தராசில் வையுங்கள், தெரியும். இளஞ்சிவப்பு இரும்பு ஆக்சைடின் நிறம், சத்துக்கு நம்ப வேண்டாம். அயோடினோ அதில் ஏறக்குறைய இல்லை.

மாவடு:
அப்போ அயோடின் கல்லுப்பையே வாங்கி இதே மாதிரி கழுவினால்?

உப்பளத்தான்:
கழுவாதீங்க. பொட்டாசியம் அயோடேட்டைக் கல்லின் மேல்தான் தெளிக்கிறார்கள், முதல் கழுவலிலேயே போய்விடும். ஈரம் கசிந்தாலும் அது ஜாடி அடிக்கு இறங்கிவிடும். கழுவிய உப்பு ஊறுகாய்க்கு, அன்றாடச் சமையலுக்கு அயோடின் உப்பு என்று பிரித்து வைங்க.

கணக்கு:
யாராவது கருப்பு உப்பைச் சொல்லும் முன்: அது உப்பைக் கரி, கடுக்காய், நெல்லிக்காயோடு சூளையில் சுட்டது. சல்பேட் சல்பைடாக மாறுவதால் முட்டை நாற்றம். மாவடு ஊறுகாயில் போட்டால் புளிப்பு பட்டு ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும். ஜாடியைத் திறக்க முடியாது.