ஹஷிமா தீவுப் பிள்ளைகள் புல்லைப் பார்த்தார்களா, இல்லையா?

கரிமூட்டை:
ஒரு யூடியூப் சேனலில் ஜப்பானின் ஹஷிமா தீவைப் பற்றிய வீடியோவைப் பார்த்துத் தொலைத்தேன். 'ஒரு புல்லைக்கூடக் கண்ணால் காணாமல் வளர்ந்த குழந்தைகள்' என்று சோக இசையோடு ஒருவர் உருகுகிறார். சுத்தப் புளுகு. நாகசாகித் துறைமுகத்திலிருந்து 19 கி.மீ. தள்ளி, கடலுக்கடியில் நிலக்கரி வெட்டிய தீவு அது. 1890இல் மிட்சுபிஷி வாங்கியது, 1974இல் சுரங்கத்தை மூடியது. 1960களில் குடியிருந்தவர்கள் வெளியிலிருந்து மண் கொண்டுவந்து மொட்டைமாடிகளில் கொட்டித் தோட்டமே போட்டார்கள். காய்கறி விளைந்தது, பூ பூத்தது. வீடியோ போடுகிறவருக்கு இதைப் படிக்க ஐந்து நிமிடம் கிடைக்கவில்லையா?

அலைவாய்:
நீங்களே சொல்லிவிட்டீர்கள், 1960கள் என்று. அங்கே முதல் கான்கிரீட் அடுக்குமாடி எழுந்தது 1916இல். அதற்கும் தோட்டத்துக்கும் நடுவே வளர்ந்த பிள்ளைகள் எதைப் பார்த்தார்கள்? கடல், சிமெண்ட், கரித்தூள். தோட்டம் வந்து பத்துப் பன்னிரண்டு வருடத்தில் தீவே காலி. கடைசிப் பந்தியில் வைத்த பாயசத்தைக் காட்டி எல்லோருக்கும் விருந்து என்கிறீர்கள்.

கரிமூட்டை:
சுற்றி வளைக்க வேண்டாம். தோட்டம் இருந்ததா, இல்லையா? ஆம் அல்லது இல்லை.

தேநீர்க்கடை:
புல்லை விடுங்கள், ஆட்களைப் பாருங்கள். தீவு மொத்தமே 6.3 ஹெக்டேர், நம் கணக்கில் பதினாறு ஏக்கர்கூட இல்லை. 1959இல் அதில் 5,259 பேர். சுரங்கத்துக்கும் இயந்திரங்களுக்கும் போக மிச்ச இடத்தில்தான் வீடு, பள்ளி, ஆஸ்பத்திரி, கோயில், சினிமாக் கொட்டகை எல்லாம். பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாடியது மாடிப்படிகளிலும் கட்டடங்களை இணைத்த நடைபாலங்களிலும்தான். பள்ளிக்கூடமே ஏழு மாடி!

கரிமூட்டை:
பள்ளிக்கூடம் ஏழு மாடி என்பது சரி, 1958இல் கட்டியது. ஆனால் நான் கேட்டது மொட்டைமாடித் தோட்டம்.

ஒசாகாவாசி:
நான் அங்கே போயிருக்கிறேன். 2009 முதல் சுற்றுலாப் படகுகளைத் தீவில் இறங்க விடுகிறார்கள். அலை அதிகமென்றால் சுற்றிக் காட்டிவிட்டுத் திரும்பிவிடுவார்கள். எங்களுக்கு இறங்கக் கிடைத்தது, என் மனைவிக்குத்தான் குமட்டல். முன்பு அங்கே குடியிருந்தவர்கள் சிலர் இப்போது வழிகாட்டிகளாக இருக்கிறார்கள். அவர்கள் பேச்சில் நரகமெல்லாம் இல்லை. எந்த வீட்டுப் பிள்ளையும் எந்த வீட்டிலும் சாப்பிடலாம், கடற்சுவரிலிருந்து குதித்து நீந்தலாம் என்ற கதைகள்தான். புயல் வந்தால் சுவரைத் தாண்டி அலை கட்டடங்கள்மேல் அடிக்குமாம். அதையும் வேடிக்கை பார்த்ததாகத்தான் சொல்கிறார்கள்.

அலைவாய்:
படகில் போய்விட்டு வந்து பாடம் எடுக்கிறீர்களா? அங்கே குடிதண்ணீர்க் குழாய் கடலுக்கடியில் வந்தது 1957இல். அதுவரை தண்ணீர்க் கப்பல். சுரங்கத்திலிருந்து மேலே வரும் அப்பா, முதலில் கடல்நீர்த் தொட்டியில் கழுவிவிட்டுக் கடைசியாகத்தான் நல்ல தண்ணீரில் உடம்பை அலசுவார். அதிகாரி வீடு பாறை உச்சியில், தனிக் குளியலறையோடு. தொழிலாளி வீட்டுக்குப் பொதுக் குளியலறை, பொதுக் கழிப்பறை. வழிகாட்டி இதையும் சொன்னாரா?

ஒசாகாவாசி:
சொன்னார். டிக்கெட் எடுத்துப் போயிருந்தால் நீங்களும் கேட்டிருக்கலாம்.

கரிமூட்டை:
இத்தனை பேர் இத்தனை பேசியும் ஒருவர்கூட நேராகப் பதில் சொல்லவில்லை. தோட்டம். மொட்டைமாடி. இருந்தது. ஆகவே 'ஒரு புல்லைக்கூட' என்பது பொய். அவ்வளவுதான் என் வாதம்.

குறுக்குச்சால்:
பூச்செடிக்கு இவ்வளவு தவிப்பு. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் கொரியர்களையும் சீனர்களையும் கட்டாயமாகக் கொண்டுவந்து அதே சுரங்கத்தில் இறக்கினார்களே, அதற்கு ஒரு வரி எழுதினீர்களா? 2015இல் இந்தத் தீவை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கும்போது, விருப்பத்துக்கு மாறாகக் கொண்டுவரப்பட்டவர்கள் இருந்தார்கள் என்று ஜப்பானே ஒப்புக்கொண்டது. அந்த வரலாற்றை டோக்கியோ தகவல் மையத்தில் சரியாகச் சொல்லவில்லை என்று 2021இல் யுனெஸ்கோ குழு கண்டித்தது. இனிமையான பால்யமாம்!

கரிமூட்டை:
இனிமையான பால்யம் என்று நான் எங்கே எழுதினேன்? தேடி எடுத்துக் காட்டுங்கள். நான் எழுதியது தோட்டத்தைப் பற்றி. கோலார் தங்கவயலைப் பற்றிய விவாத இழையில் மூக்குடைபட்டதற்கு இங்கே வந்து கணக்குத் தீர்க்கிறீர்கள்.

குறுக்குச்சால்:
கோலார் இழையில் யார் மூக்கு உடைந்தது என்று படித்தவர்களுக்குத் தெரியும். பாதியில் ஓடியது நானல்ல.

தேநீர்க்கடை:
இருவரும் அதை அங்கேயே வைத்துக்கொள்ளுங்கள் அண்ணா. எனக்கு ஒரு விஷயம் உறைக்கிறது. தீவில் சுடுகாட்டுக்குக்கூட இடமில்லை. பக்கத்தில் நகானோஷிமா என்ற குட்டித் தீவுக்குக் கொண்டுபோய்த்தான் எரித்தார்கள். தாத்தா செத்தால் படகில் அனுப்பிவைக்கிற பால்யம்.

கரிமூட்டை:
நகானோஷிமாவில் மரஞ்செடி இருந்தது, கவனிக்கவும். கரையில் நின்றாலே பிள்ளைகளுக்குத் தெரியும். இதுவும் என் பக்கத்துச் சான்றுதான்.

அலைவாய்:
சுடுகாட்டையும் தோட்டக் கணக்கில் எழுதிக்கொண்டாரே!

கரிமூட்டை:
கண்ணால் காணாமல் என்றுதானே வீடியோவில் சொன்னார்? கண்ணால் கண்டார்கள். வேண்டுமென்றால் இன்னொன்றும் சொல்கிறேன். 1974 ஜனவரியில் சுரங்கம் மூடியது, ஏப்ரலுக்குள் எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். அதன்பிறகு யாரும் நடாமலே அங்கே செடி முளைத்திருக்கிறது.

ஒசாகாவாசி:
ஆள் போனபிறகு முளைத்ததை எந்தக் குழந்தை பார்த்தது ஐயா?

கரிமூட்டை:
நீங்கள்தானே படகில் போய்ப் பார்த்தீர்கள்? பச்சை இருந்ததா, இல்லையா? முதலில் அதற்குப் பதில் சொல்லுங்கள். அலைவாய், உங்களுக்கும் முதல் கேள்வி அப்படியே நிற்கிறது.

அலைவாய்:
1916க்கும் 1960களுக்கும் நடுவில் என்ற என் கேள்விக்கு நீங்கள் பதில் சொன்ன அன்று நானும் சொல்கிறேன்.

கரிமூட்டை:
எதிர்பார்த்ததுதான். நாளைக்கு மாடித் தோட்டப் படத்தோடு வருகிறேன். குறுக்குச்சால், நீங்களும் இருங்கள், கோலாரையும் சேர்த்தே பேசிவிடலாம்.