ஆறு வயதுக் குழந்தைக்குச் சொல்லை அசையாகப் பிரிக்கக் கற்பிப்பது எப்படி?

நொய்யல்கரை (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். என் மகளுக்குச் சென்ற மாதம் ஆறு வயது நிறைந்தது. அவளைப் பள்ளிக்கு அனுப்பாமல் நானும் என் மாமியாரும் வீட்டிலேயே கற்பித்து வருகிறோம். உயிர், மெய், உயிர்மெய் எழுத்துகளை நன்றாக அடையாளம் காண்கிறாள். 'மாடு', 'வீடு', 'பாய்' போன்ற சிறு சொற்களைத் தடையின்றிப் படிக்கிறாள். ஆனால் எழுத்து நான்கைத் தாண்டிவிட்டால், ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிக்கொண்டே போய்க் கடைசி எழுத்தை எட்டும்போது முதல் எழுத்தை மறந்துவிடுகிறாள். 'சக்கரம்' என்ற சொல்லை நேற்று 'ச, இக், க, ர, இம்' என்று ஐந்து துண்டுகளாகச் சொன்னாள். பிறகு சற்று நேரம் என் முகத்தையே பார்த்துவிட்டு, 'கரம்?' என்று ஊகித்தாள்.

நீண்ட சொற்களைக் கைதட்டிப் பிரிக்கப் பழக்கினால் இந்தத் திணறல் குறையும் என்று கேள்விப்பட்டு முயன்று பார்த்தேன். 'அம்மா' என்ற சொல்லுக்கு மூன்று முறை தட்டுகிறாள். இரண்டு முறைதான் தட்ட வேண்டும் என்றால், "மூணு எழுத்து இருக்கே?" என்று கேட்கிறாள், எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பள்ளியில் படித்த நேரசை, நிரையசை நினைவுக்கு வந்தது. பழைய குறிப்பேட்டைத் தேடியெடுத்து அதன்படி பிரித்துப் பார்த்தால் குழப்பம் இன்னும் கூடிவிட்டது. அந்தக் கணக்கில் 'மரம்' ஒரே அசை. அவளோ 'ம-ரம்' என்று இரண்டு முறை தட்டுகிறாள். என் காதுக்கும் இரண்டாகத்தான் கேட்கிறது. இதில் இலக்கணம் சரியா, குழந்தை சரியா?

ஆங்கிலமும் கூடவே கற்பிப்பதால் இரண்டு மொழிக்கும் ஒரே முறையைக் கையாளலாமா என்பதையும் அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.


சுண்ணக்கட்டி (மறுமொழி):

வணக்கம், அம்மா. தொடக்கப் பள்ளியில் நீண்ட காலம் ஒன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவன் நான். உங்கள் மகளும் சரி, இலக்கணமும் சரி. இரண்டும் அளப்பது வேறு வேறு பொருளை. யாப்பிலக்கணத்தில் வரும் அசை செய்யுளின் ஓசையை அளப்பதற்காக ஏற்பட்டது. அங்கே சொல்லின் முதலில் வரும் குறில் தனித்து நிற்பதில்லை. பக்கத்தில் உள்ள குறிலையோ நெடிலையோ சேர்த்துக்கொண்டு நிரையசையாகிவிடும். 'மரம்' குறிலிணையும் ஒற்றும் சேர்ந்த ஒரே நிரையசை. 'பறவை' என்பது 'பற-வை' என்று நிரையும் நேருமாகப் பிரியும். குழந்தை கைதட்டுவதோ வாய் திறந்து மூடும் எண்ணிக்கைக்கு ஏற்ப. அதன்படி 'மரம்' இரண்டு, 'பறவை' மூன்று. படிக்கப் பழகும் குழந்தைக்கு வேண்டியது இந்த இரண்டாவது கணக்குதான். 'அசை' என்ற சொல்லையே இப்போது அவளிடம் சொல்லாதீர்கள். 'தட்டு' என்று சொல்லுங்கள், போதும்.

ஆனால் உங்கள் மகளின் உண்மையான சிக்கல் அதுவன்று. அவள் சொன்ன 'இக்', 'இம்' இரண்டையும் கவனியுங்கள். மெய்யெழுத்தைத் தனியே ஒலிப்பது கடினம் என்பதால் முன்னால் ஓர் இகரத்தைத் துணைக்கு வைத்து 'இக், இங், இச்' என்று சொல்லிக்கொடுப்பது நம் வழக்கம். அது அந்த எழுத்தை அழைப்பதற்கான பெயர் மட்டுமே. குழந்தையோ அந்தப் பெயரையே ஒலி என்று எண்ணிவிடுகிறது. 'அ-இம்-மா' என்று கூட்டினால் நடுவில் இல்லாத இகரம் ஒன்று புகுந்து மூன்றாவது தட்டை உண்டாக்கிவிடும். 'அம்மா'வுக்கு அவள் மூன்று முறை தட்டியதில் வியப்பே இல்லை; நாம் கற்பித்ததைத்தான் அவள் தட்டியிருக்கிறாள். என் வகுப்பிலும் முதல் சில ஆண்டுகள் நானே இந்தத் தவற்றைச் செய்திருக்கிறேன்.

இதைத் திருத்த நான் கையாண்ட வழி இது. ஒரு கைப்பிடிப் புளியங்கொட்டையும் கொஞ்சம் அரிசியும் எடுத்துக்கொள்ளுங்கள். சொல்லைப் பெரிய எழுத்தில் எழுதி, புள்ளி இல்லாத ஒவ்வோர் எழுத்தின் கீழும் ஒரு புளியங்கொட்டையை வைக்கச் சொல்லுங்கள். புள்ளி வைத்த எழுத்துக்குக் கொட்டை கிடையாது. ஓர் அரிசி மட்டுமே, அதையும் அதற்கு முன்னால் உள்ள கொட்டையோடு ஒட்டி வைக்க வேண்டும். "புள்ளி எழுத்துக்குத் தனியாக நடக்கத் தெரியாது, முன்னால் போகிற எழுத்தின் இடுப்பில் ஏறிக்கொள்ளும்" என்று சொன்னால் பிள்ளைகள் உடனே பிடித்துக்கொள்வார்கள். 'சக்கரம்' என்ற சொல்லில் 'ச'வின் இடுப்பில் 'க்', 'ர'வின் இடுப்பில் 'ம்'. ஆக, சக்-க-ரம்: மூன்று கொட்டை, மூன்று தட்டு. 'அம்மா'வில் எழுத்து மூன்று, கொட்டை இரண்டு. "மூணு எழுத்து இருக்கே" என்ற அவளுடைய கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது: எழுத்து மூன்றுதான், ஆனால் ஒருவர் இடுப்பில் வருகிறார்.

இதில் நமக்கு ஒரு வசதியும் உண்டு. ஆங்கிலத்தில் எழுத்தைப் பார்த்துத் தட்டுகளைத் துல்லியமாக எண்ண முடியாது, தமிழில் முடியும். மொத்த எழுத்திலிருந்து புள்ளி எழுத்துகளைக் கழித்தால் மிஞ்சுவதே தட்டுகளின் எண்ணிக்கை. 'பள்ளிக்கூடத்திலிருந்து' என்பதில் எழுத்து 12, புள்ளி எழுத்து 4. ஆகவே பள்-ளிக்-கூ-டத்-தி-லி-ருந்-து என 8 தட்டு. நீங்கள் சொல்லிக்கொடுத்தது சரிதானா என்று ஐயம் வரும்போதெல்லாம் இந்தக் கழித்தலைப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு முன்னெச்சரிக்கை: 'கொ' போன்ற எழுத்துகளில் கொம்பும் காலும் தனித்தனியே நிற்பதால் சில பிள்ளைகள் அதை மூன்று எழுத்தாக எண்ணிவிடுவார்கள். 'ஔவை'யில் வரும் 'ஔ'வை 'ஒ', 'ள' என்று இரண்டாகப் படிப்பவர்களும் உண்டு. கொட்டை வைக்கும் முன் அவள் விரல் எங்கே போகிறது என்று பாருங்கள்.


வெண்பாப்பித்தன் (மறுமொழி):

ஐயா சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். ஒன்றை மட்டும் சேர்க்க விரும்புகிறேன். நேர், நிரை வேண்டாம் என்பது சரி, ஆனால் அதன் அடியில் உள்ள மாத்திரைக் கணக்கை இந்த வயதிலேயே விளையாட்டாகத் தொடங்கலாம். குறிலுக்கு 1 மாத்திரை, நெடிலுக்கு 2, மெய்க்கு அரை. கண்ணிமைக்கும் நேரமும் கைந்நொடிக்கும் நேரமும்தான் ஒரு மாத்திரை என்று தொல்காப்பியமே உடம்பை வைத்துத்தான் அளவு சொல்கிறது.

என் மகனுக்குக் கைதட்டலை இப்படிப் பழக்கினேன். குறில் வந்தால் தட்டியவுடன் கையை எடுத்துவிட வேண்டும். நெடில் வந்தால் தட்டிய கையைப் பிரிக்காமல் சற்று அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். 'படம்', 'பாடம்' இரண்டுக்கும் தட்டு இரண்டுதான் என்றாலும் முதல் தட்டின் நீளம் வேறு. 'கல்', 'கால்' என்பவற்றை மாற்றி மாற்றி எழுதிவந்தவன், இரண்டு வாரத்தில் துணைக்காலை விடாமல் எழுதத் தொடங்கினான். நேர், நிரை தானாகப் பிறகு வரும். இந்தக் காது இல்லாதவர்கள்தான் பத்தாம் வகுப்பில் அலகிடும்போது வாய்பாட்டை மட்டும் மனப்பாடம் செய்துவிட்டுத் திண்டாடுகிறார்கள் என்பது என் எண்ணம்.


இருமொழிவீடு (மறுமொழி):

வணக்கம், தோழி. எங்கள் வீட்டிலும் இரண்டு பிள்ளைகள் வீட்டிலேயே படிக்கிறார்கள். ஆங்கிலப் பகுதிக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

தட்டுவது இரண்டு மொழிக்கும் பொது. எண்ணும் வழி பொதுவன்று. ஆங்கிலத்தில் எத்தனை உயிரொலி காதில் விழுகிறதோ அத்தனை தட்டு. எழுத்தில் எத்தனை உயிரெழுத்து இருக்கிறது என்பதை நம்ப முடியாது. 'கேக்' என்ற சொல்லை ஆங்கிலத்தில் எழுதினால் உயிரெழுத்து இரண்டு இருக்கும், ஆனால் கடைசியில் உள்ளது வாய் திறப்பதில்லை என்பதால் ஒரே தட்டு. ஆகவே ஆங்கிலச் சொற்களை முதல் சில மாதங்கள் எழுதிக் காட்டாமல் வாயால் மட்டுமே பிரிக்கச் சொல்லுங்கள். பென்-சில், ப-னா-னா என்று வீட்டில் புழங்கும் சொற்களே போதும்.

நம் பிள்ளைகளுக்கென்றே வரும் தடுமாற்றங்கள் இரண்டு. தமிழில் மெய்யெழுத்து சொல்லுக்கு முதலில் வராது; மெய் எப்போதும் முன்னால் உள்ளதன் மேல்தான் சாயும். ஆங்கிலத்திலோ 'ஸ்கூல்' போல இரண்டு மெய் ஒட்டிக்கொண்டு சொல்லைத் தொடங்கும். தமிழ்க் காது அதை ஏற்காமல் 'இஸ்-கூல்' என்று ஒரு தட்டைக் கூட்டிவிடும். 'பிலிம்' என்ற சொல்லின் நடுவில் நாம் சேர்க்கும் இகரமும் இப்படி வந்ததுதான். குழந்தையைத் திருத்தும்முன் நாம் எப்படிச் சொல்கிறோம் என்று கேட்டுக்கொள்வது நல்லது. எங்கள் வீட்டில் இஸ்கூல் என்று சொன்னது நான்தான்.

இரண்டாவது, இரட்டித்து எழுதும் மெய். 'பட்டு' என்று சொல்லும்போது நாக்கு டகரத்தில் நின்று அழுத்திப் பிறகு விடுகிறது. 'படு' என்பதில் அந்த நிற்றல் இல்லை. பொருளே மாறிவிடுவதால் நம் பிள்ளைகள் இரட்டிப்பைக் கூர்ந்து கேட்பார்கள். முயலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லில் நடு எழுத்து இரட்டித்து எழுதப்பட்டாலும் ஒலி ஒற்றைதான். ஆங்கிலப் பாடநூல்கள் அந்த இரண்டு எழுத்துக்கும் நடுவே கோடு போட்டுப் பிரித்துக் காட்டும். அதைப் பார்த்துவிட்டு என் மூத்தவள் பகரத்தை அழுத்தி, 'ரேப்-பிட்' என்று தமிழ்ச் சொல்லைப் போலப் படித்தாள். கோடு எழுத்துக்குத்தான், நாக்குக்கு இல்லை என்று புரியவைக்கச் சில நாள் ஆயிற்று.

தாடைக்குக் கீழே கையை வைத்து எத்தனை முறை இறங்குகிறது என்று எண்ணும் முறையையும் சிலர் பரிந்துரைப்பார்கள். ஆகாரம் வரும் சொற்களுக்கு அது நன்றாக வேலை செய்யும். இகரம், உகரம் வந்தால் தாடை இறங்குவதே தெரியாது. 'குருவி'க்கு என் இளையவன் ஒன்று என்றான்.

வயதைப் பற்றிக் கவலை வேண்டாம். 1974இல் அமெரிக்காவில் இசபெல் லிபர்மனும் அவருடன் பணியாற்றியவர்களும் சிறு பிள்ளைகளிடம் கோலைக் கொடுத்து மேசையைத் தட்டச் செய்து ஓர் ஆய்வு நடத்தினார்கள். நான்கு வயதினரில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குச் சொல்லை அசைகளாகத் தட்ட முடிந்தது. தனி ஒலிகளாகத் தட்ட அந்த வயதில் ஒருவருக்கும் முடியவில்லை. ஆறு வயதை எட்டியவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் அசைகளைச் சரியாகத் தட்டினார்கள். உங்கள் மகள் 'மரம்' என்ற சொல்லுக்கு யாரும் சொல்லாமலே இரண்டு முறை தட்டியிருக்கிறாள் என்றால் காது தயாராகத்தான் இருக்கிறது.


நொய்யல்கரை:

மூவருக்கும் மிக்க நன்றி. பத்து நாள்களாகப் புளியங்கொட்டையும் அரிசியுமாக உட்கார்ந்திருக்கிறோம். 'இடுப்பில் ஏறிக்கொள்ளும் எழுத்து' என்பது என் மாமியாருக்கும் பிடித்துவிட்டது. ஆயினும் நேற்று இரண்டு இடங்களில் தடைப்பட்டோம். 'வாழ்த்து' என்ற சொல்லில் புள்ளி எழுத்து இரண்டு அடுத்தடுத்து வருகின்றன. ஒன்று 'வா'வின் இடுப்பில், இன்னொன்று 'து'வின் இடுப்பிலா என்று கேட்டாள். அடுத்தது, 'இருக்கிறது' என்ற சொல்லுக்குச் சரியாக ஐந்து கொட்டை வைத்துவிட்டு, வாயால் தட்டும்போது 'இ-ருக்-கு' என்று மூன்று முறை மட்டுமே தட்டினாள். கொட்டை இரண்டு மிஞ்சுகிறதே என்று அவளே அழத் தொடங்கிவிட்டாள்.


சுண்ணக்கட்டி:

'வாழ்த்து' என்பதில் இரண்டும் 'வா'வின் மேல்தான், அம்மா. வாழ்த்-து: கொட்டை இரண்டு, அரிசி இரண்டு. 'வாழ்க்கை', 'பார்த்தான்' எல்லாம் அப்படியே. யகர, ரகர, ழகர மெய்களை அடுத்து இன்னொரு மெய் வருவது தமிழில் இயல்பு. செய்யுளில் அலகிடும்போதும் அந்த இரண்டையும் ஓர் ஒற்றாகவே கொள்வார்கள். அவளிடம் "வா கொஞ்சம் பெரிய ஆள், இரண்டு பேரைத் தூக்கும்" என்று சொல்லிவிடுங்கள். பின்னால் வரும் எழுத்து ஒருபோதும் திரும்பி நின்று தூக்காது என்பதை மட்டும் உறுதியாகச் சொல்லுங்கள்.

'இருக்கிறது' விஷயத்தில் அவள் தவறே செய்யவில்லை. கண்ணால் பார்த்தது எழுத்து வழக்கு, வாய் சொன்னது பேச்சு வழக்கு. பொருளைப் புரிந்துகொண்டு படிக்கிறாள் என்பதற்கே இது அடையாளம். புரியாமல் படிக்கும் குழந்தைதான் ஐந்தையும் பிசகாமல் தட்டும். அந்தச் சொல்லை இரண்டு வரிசையாக வையுங்கள். மேல் வரிசை 'புத்தகம் சொல்வது', கீழ் வரிசை 'நாம் சொல்வது'. 'வருகிறார்கள்', 'வர்றாங்க', 'சாப்பிடுகிறேன்', 'சாப்பிடறேன்' என்று இணைகளைக் கொடுத்து எந்த வரிசை நீளம் என்று அவளையே பார்க்கச் சொல்லுங்கள். இவற்றில் இரண்டாவது இணையில் ஒரு கொட்டைதான் குறையும், அது எது என்று கண்டுபிடிக்க விடுங்கள்.

கொட்டை மிஞ்சினால் அழுவதற்குப் பதில் பல்லாங்குழியில் போட்டுக்கொள்ளலாம் என்று பாட்டியைச் சொல்லச் சொல்லுங்கள்.


நொய்யல்கரை:

'கு' என்று கண்டுபிடித்துவிட்டாள், ஐயா. சாப்-பி-டு-கி-றேன், சாப்-பி-ட-றேன் என்று இரண்டையும் வைத்து, "டு டவாயிடுச்சு, கி ஓடிப்போச்சு" என்றாள். நான்தான் 'கு' என்று எழுதிவிட்டேன். பக்கத்தில் நின்று படித்தவள் திருத்தச் சொல்கிறாள்.