அச்சில் எடுத்த சிப்பாயின் கேடயத்தில் கோடு தெரிகிறதா?

திருநகர்_ரெசின்:
சின்னச் சிப்பாய் பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டி மேசையில் போர் விளையாடும் நம் குழுவில் வைகைக்கரை அண்ணன் நேற்று எழுதியதைப் படித்த பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. “வீட்டு முப்பரிமாண பிரிண்டரில் எடுத்த படையோடு வருகிறவரை மேசையில் சேர்த்துக்கொள்வது இந்தக் கலைக்குக் கேடு, இரண்டடி தள்ளி நின்றாலே அடுக்குக் கோடு தெரிகிறது” என்று எழுதியிருக்கிறார். கேடு என்றதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். கோடு தெரிகிறது என்பதை ஒப்ப மாட்டேன். என் பிரிண்டர் ரெசின் என்ற திரவப் பிசினை ஒளியால் இறுக்கி, ஓர் அடுக்கை 0.05 மில்லிமீட்டர் கனத்தில் படிய வைக்கிறது. பாதத்திலிருந்து கண் வரை 28 மில்லிமீட்டர் உயரமுள்ள சிப்பாயை நிமிர்த்தி வைத்து எடுத்தால் அந்த உயரத்துக்குள் 560 அடுக்குகள். இரண்டடி தூரத்திலிருந்து அவற்றைப் பார்க்கும் கண் யாருக்கு இருக்கிறது?

வைகைக்கரை_தூரிகை:
தம்பி, நான் சொன்னது உங்கள் குதிரை வீரனின் கேடயத்தைப் பற்றி. செங்குத்தான காலிலும் மார்பிலும் கோடு தெரியாது என்பது எனக்கும் தெரியும். சரிவு குறைந்த வளைவில், அதாவது கேடயத்திலும் தலைப்பாகையின் உச்சியிலும், ஒவ்வோர் அடுக்கின் விளிம்பும் அகன்று படிக்கட்டாகிவிடுகிறது. உலர்ந்த தூரிகையில் வெளிர் வண்ணத்தைத் தொட்டு அதன்மேல் தேய்த்தால் மரத்தை அறுத்த பரப்பைப் போல வளையம் வளையமாக எழும்புகிறது. உருக்கு அச்சுக்குள் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கைச் செலுத்தி எடுத்த, இங்கிலாந்தின் நாட்டிங்காம் ஆலைப் பொம்மையில் இது வராது.

திருநகர்_ரெசின்:
நாட்டிங்காம் பொம்மையில் கோடே இல்லையா? அச்சின் இரண்டு பாதிகளும் சேருகிற இடத்தில் தோளிலிருந்து கால்வரை ஓடுகிற விளிம்பை நீங்கள் கத்தியால் சுரண்டுவதை நானே பார்த்திருக்கிறேன். சுரண்ட மறந்த ஒரு வில்லாளி இன்னமும் உங்கள் படையில் நிற்கிறான். அந்தக் கோடு கலை, என் கோடு கேடு என்றால் எப்படி?

வைகைக்கரை_தூரிகை:
அந்தக் கோட்டைச் சுரண்டினால் போய்விடும். உங்கள் கோடு பொம்மை முழுவதும் இருக்கிறது.

விளாச்சேரி_மண்:
இருவரும் அச்சைப் பற்றிப் பேசுவதால் ஒரு சொல். எங்கள் ஊரில் கொலு பொம்மைக்கு முன்பாதி, பின்பாதி என்று இரண்டு அச்சுகளில் களிமண்ணை அழுத்தி எடுத்து ஒட்டி, ஈரத்துணியால் பொருத்தை வழிப்போம். அதைச் சரியாக வழிக்கத் தெரியாதவரை எங்கள் பாட்டி வண்ணத்தின் பக்கமே விட மாட்டார். வீட்டு பிரிண்டர்க்காரர்களுக்கு அந்தப் பொறுமை குறைவு என்பதுதான் என் வருத்தம்.

திருநகர்_ரெசின்:
பொறுமை குறைவு என்று சொல்ல உங்களுக்கு என்ன தெரியும், அண்ணே? பொம்மையின் கணினிக் கோப்பைத் திரையில் 45 பாகைக்குச் சாய்த்து, அச்சாகும்போது அதைத் தாங்குகிற குச்சிகளில் (சப்போர்ட்) எது எங்கே தொட வேண்டும் என்று ஒவ்வொன்றாக வைத்து, மின்சாரம் போய்விடக் கூடாதே என்று இரவெல்லாம் விழித்திருந்து, காலையில் நைட்ரைல் கையுறை போட்டு ஆல்கஹாலில் கழுவி, சப்போர்ட் தடங்களைத் தேய்த்து, புறஊதா ஒளியில் இறுக வைக்கிறேன். சென்ற வாரம் பாதி இரவில் மின்சாரம் போனதில் பதினோரு குதிரைகள் வயிற்றோடு நின்றுவிட்டன. உங்கள் பாட்டி இருந்தால் என் பக்கம் பேசியிருப்பார்.

விளாச்சேரி_மண்:
எங்கள் பாட்டியை இதில் இழுக்க வேண்டாம்.

பைபாஸ்_பட்டறை:
கூலிக்கு அச்சடித்துக் கொடுப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். கோடு கிடக்கட்டும், கோப்பு யாருடையது என்று கேளுங்கள். கடையில் வாங்கிய பொம்மையை ஸ்கேன் செய்து “ஐம்பது எடுத்துக் கொடுங்கள்” என்று வருகிறவர்களைத் திருப்பி அனுப்புகிறேன். 1957 ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் சிற்பமும் கலைப்படைப்பே.

கோரிப்பாளையம்_பகடை:
அதே சட்டத்தின் 15 ஆம் பிரிவையும் சொல்லுங்கள். வடிவமைப்புச் சட்டத்தில் பதியத்தக்க ஒன்றைப் பதியாமல், உரிமையாளரோ அவர் அனுமதி பெற்றவரோ தொழில்முறையில் 50 முறைக்கு மேல் படியெடுத்தால் அதன் பதிப்புரிமை நீங்கிவிடும். ஆலையில் ஆயிரக்கணக்கில் எடுத்த பொம்மைக்கு அது பொருந்தாதா?

பைபாஸ்_பட்டறை:
பதியத்தக்கதாக இருந்தால்தான் பொருந்தும். கலைப்படைப்பை வடிவமைப்புச் சட்டமே விலக்கி வைத்திருக்கிறது. பாதிப் பிரிவைப் படித்துவிட்டு வராதீர்கள்.

திருநகர்_ரெசின்:
சட்டத்தை இங்கே கொண்டுவந்தது யார்? நான் எவருடைய பொம்மையையும் திருடவில்லை. எனக்கு வேண்டியது 1763-64 மதுரை முற்றுகை. கோட்டைக்குள் கான்சாகிபின் (மருதநாயகத்தின்) சிப்பாய்கள், வெளியே கும்பினிப் படையும் ஆற்காட்டு நவாபின் படையும். எந்தக் கடையிலும் எனக்குக் கான்சாகிப் படை கிடைக்கவில்லை. உருக்கு அச்சு வெட்டப் பெரும் பணம் வேண்டும். ஆயிரக்கணக்கில் விற்கும் என்ற நம்பிக்கை இருந்தால்தான் ஆலை அதைத் தொடும். இங்கே சம்மட்டிபுரத்தில் அடங்கியிருக்கிற கான்சாகிபுக்காக அங்கே யார் அச்சு வெட்டுவார்கள்? ஆகவே தலைப்பாகையிலிருந்து கணினியில் நானே வடித்தேன். பிளாக்பர்ன் கலெக்டர் காலத்தில் இடித்துவிட்ட கோட்டைச் சுவரை, பிளாஸ்டிக் இழையை உருக்கி அடுக்குகிற இழை பிரிண்டரில் துண்டு துண்டாக எடுத்துக்கொண்டிருக்கிறேன். வெளிநாட்டிலிருந்து தருவித்துக்கொள் என்கிறவர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன்: பொம்மைகளுக்கான அடிப்படைச் சுங்க வரி 2020 இல் 20 விழுக்காட்டிலிருந்து 60 ஆனது, 2023 இல் 70 ஆனது. கல்லூரிப் பிள்ளை எதைக் கொண்டு படை சேர்ப்பான்? இந்த ஊரில் மேசைக்கு வருகிறவர்களே பத்துப் பேர். அவர்களில் நான்கு பேர் அச்சுப் படையால் வந்தவர்கள். அவர்களைத்தான் அண்ணன் வெளியே போகச் சொல்கிறார்.

வைகைக்கரை_தூரிகை:
யாரையும் வெளியே போகச் சொல்லவில்லை. ஒரு பெட்டி பொம்மையை வாங்கி மாதக்கணக்கில் ஒவ்வொன்றாகத் தீட்டினால்தான் கண்ணும் கையும் பழகும். நீங்கள் ஒரே வாரத்தில் அறுபது பேரை எடுத்துவிடுகிறீர்கள்; அவர்களில் ஐம்பது பேர் வண்ணம் தீட்டாமல் சாம்பல் நிறத்திலேயே மேசைக்கு வருகிறார்கள். அது என்னை வருத்துகிறது. கோடும் தெரிகிறது.

பைபாஸ்_பட்டறை:
அடுக்கை 0.03 ஆக்கினால் இந்தப் பேச்சே இல்லை.

திருநகர்_ரெசின்:
0.03 ஆக்கினால் நேரம் ஏறும். நேரத்துக்குக் கூலி வாங்குகிற உங்களுக்கு அது நல்லது. முன்பு ஓர் அச்சகத்தில் நான் பணம் கொடுத்து எடுத்த பத்து ஈட்டிக்காரர்களில் ஆறு பேரின் ஈட்டி பெட்டியைத் திறக்கும்போதே ஒடிந்து கிடந்தது. அதற்குப் பிறகுதான் சொந்த பிரிண்டர் வாங்கினேன்.

பைபாஸ்_பட்டறை:
எவரோ செய்த பிழைக்கு என்னிடம் கணக்குக் கேட்காதீர்கள்.

திருநகர்_ரெசின்:
உங்களை விட்டுவிட்டேன். அண்ணனுக்குத்தான் சொல்கிறேன். சென்ற மாதம் என் குதிரை வீரனைக் கையில் எடுத்து, கைப்பேசி விளக்கைப் பக்கவாட்டில் பிடித்து, புதிதாக வந்த பையன்களிடம் “கோட்டைப் பாருங்கள்” என்று காட்டினீர்கள். மூன்று இரவுகள் தீட்டிய பொம்மை அது. இரண்டடி என்கிறீர்கள், அன்று உங்கள் மூக்குக்கும் கேடயத்துக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளிகூட இல்லை.

வைகைக்கரை_தூரிகை:
இரண்டடியில் தெரிந்ததால்தான் எடுத்துப் பார்த்தேன்.

திருநகர்_ரெசின்:
அப்படியானால் ஞாயிற்றுக்கிழமை அதே கேடயத்தைப் புதிதாக எடுத்து, பிரைமர் என்ற அடிப்பூச்சு மட்டும் அடித்துக் கொண்டுவருகிறேன். விளக்கை அணைத்துவிட்டு ஜன்னல் வெளிச்சத்தில், அளவுநாடா வைத்து இரண்டடியில் நின்று பாருங்கள்.

வைகைக்கரை_தூரிகை:
பிரைமர் அடித்தால் கோடு பாதி நிரம்பிவிடும். அடிக்காமல் கொண்டுவாருங்கள்.

திருநகர்_ரெசின்:
பிரைமர் அடிக்காத சிப்பாயை வைத்து இந்த மதுரையில் யார் விளையாடுகிறார்கள்? நீங்கள் விளையாடுகிறீர்களா?

வைகைக்கரை_தூரிகை:
உங்கள் ஐம்பது சாம்பல் சிப்பாய்கள் விளையாடுகிறார்களே.