லாங் பிராஞ்ச் .303 துவக்குக்கு அமெரிக்காவில இருந்து சாமான் எடுப்பிக்கலாமோ?

ஸ்கார்பரோ வேலன்:
என்னட்ட இருக்கிறது லாங் பிராஞ்ச் தொழிற்சாலையில செய்த லீ-என்ஃபீல்ட் நம்பர் 4 மார்க் 1 ஸ்டார் ரைபிள். வெடிச்ச கோது சேம்பருக்குள்ளயே நிக்குது, போல்ட் வெறுமையா வருது. எக்ஸ்ட்ராக்டரின்ர (கோதை இழுத்து எடுக்கிற கொக்கி) ஸ்பிரிங் முறிஞ்சிருக்கு. போல்ட்டின்ர முன்னுக்குத் திருகி நிக்கிற போல்ட் ஹெட்டையும் (அளவு இலக்கம் 1) சேர்த்து மாத்துவம் எண்டு நினைக்கிறன். அமெரிக்கக் கடையளில ரெண்டும் இருக்கு, ஆனா கனடாவுக்கு அனுப்ப மாட்டினமாம். எல்லைக்கு அங்கால பஃபலோவில பொதி எடுத்து வைக்கிற இடத்துக்கு ஓடர் பண்ணி, காரில போய் எடுத்தா பிழையோ? பி.ஏ.எல் (கனடாத் துவக்கு லைசென்ஸ்) இருக்கு.

கடைசல்:
ஸ்பிரிங் முறிஞ்சதுக்கு ஹெட்டை ஏன் மாத்துறியள்? ஸ்பிரிங்கும் எக்ஸ்ட்ராக்டர் திருகாணியும் மட்டும் வாங்குங்கோ. அந்தத் திருகாணி மெட்ரிக் புரி இல்லை, கடையில கிடைக்கிறதைப் போட்டு இறுக்கினா ஹெட்டின்ர புரி போயிடும்.

ஹெட்டைத் தொடுறதெண்டா முதல் கேஜ் (மூடின போல்ட்டுக்கு முன்னால குண்டு நிக்கிற இடைவெளியை அளக்கிற கட்டை) வையுங்கோ. எக்ஸ்ட்ராக்டரைக் கழட்டிப்போட்டு, விரல் பாரத்தில மட்டும் மூடிப் பாக்கோணும். 0.064 அங்குலக் கேஜில மூடோணும், 0.074இல மூடக்கூடாது. 0.074இலயும் மூடுதெண்டாத்தான் நீளமான ஹெட் தேவை. ஹெட்டில 0 முதல் 3 வரை இலக்கம் இருக்கும், 3தான் நீளம், கிடைக்கிறதும் அதுதான் அரிது. இலக்கத்தை நம்பி ஓடர் பண்ணாதேங்கோ. பழைய 2 ஒண்டு தேய்ஞ்சு புது 1 அளவில நிக்கும். விக்கிறவரிட்ட மைக்ரோமீட்டர் அளவு கேளுங்கோ. லீ-என்ஃபீல்ட் நம்பர் 1 எண்ட பழைய மாடல் துவக்கின்ர ஹெட் இதுக்குப் பொருந்தாது.

புது ஹெட் போட்டா குண்டை அடிக்கிற ஊசி எவ்வளவு வெளிய நீட்டுது எண்டும் பாருங்கோ: 0.040 முதல் 0.050 அங்குலம். நீளமான ஹெட் போட்டா இது குறையும், பிறகு குண்டு வெடிக்காமல் நிக்கும்.

மற்றது, மார்க் 1 ஸ்டாரில ஹெட்டைக் கழட்ட அமத்துற பிடி இல்லை, போல்ட் ஓடுற தண்டவாளத்தில ஒரு வெட்டு மட்டும்தான். அந்த வெட்டின்ர விளிம்பு உடைஞ்சிருந்தா ஹெட் தானா மேல பாயும். அது சாமான் மாத்தித் தீராது.

சுங்கப்பொதி:
பஃபலோ யோசனையை விடுங்கோ. கடைக்காரர் உள்நாட்டு விற்பனை எண்டுதான் பில் போடுவார், எல்லை தாண்டேக்க ஏற்றுமதிப் பொறுப்பு உங்கட தலையில வந்து விழும்.

2020 மார்ச் 9இல இருந்து இப்படியான ரைபிள் சாமான் அமெரிக்க வெளியுறவுத் திணைக்களத்தின்ர ஆயுத ஏற்றுமதிப் பட்டியலில இல்லை, வர்த்தகத் திணைக்களத்தின்ர ஏற்றுமதிப் பட்டியலில 0ஏ501 எண்ட பிரிவுக்குள்ள. போல்ட், பீப்பாய் மாதிரியான சாமான்களுக்கும் சின்ன உதிரிகளுக்கும் 500 டொலர் வரை குறைந்த பெறுமதி விலக்கு இருக்கு, கனடாவுக்கும் பொருந்தும். அதுக்குள்ள எண்டா தனி லைசென்ஸ் வேண்டாம். ஆனா 800 டொலர் ஓடரை ரெண்டாப் பிரிச்சு 400, 400 எண்டு அனுப்பக்கூடாது, அதை விதியே தடுக்குது. துவக்கின்ர ரிசீவரை (போல்ட் ஓடுற நடு உடல்) இந்தக் கணக்கில சேர்க்காதேங்கோ. கனடாச் சட்டத்தில அது தனிய வந்தாலும் துவக்குத்தான்.

கனக்கக் கடைக்காரர் மறுக்கிறது சட்டம் தடுக்கிறதால இல்லை, பேப்பர் வேலைக்குப் பஞ்சிப்பட்டு. இந்த விலக்கைச் சொல்லி, சாமானையும் விலையையும் எழுதி மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கோ, சிலர் சம்மதிப்பினம்.

ஸ்கார்பரோ வேலன்:
நன்றி அண்ணை. கனடாப் பக்கம் என்ன எழுதோணும்?

சுங்கப்பொதி:
உள்ளதை. "இரும்புச் சாமான்" எண்டு எழுதின பொதியைத்தான் முதல் திறப்பினம். "லீ-என்ஃபீல்ட் நம்பர் 4 ரைபிள், எக்ஸ்ட்ராக்டர் ஸ்பிரிங், 2" எண்டு எழுதி, சுங்கத் தலைப்பு 9305ஐப் போடச் சொல்லுங்கோ. சாமானின்ர படத்தோட பில்லின்ர பிரதி ஒண்டு உள்ள, ஒண்டு வெளிய. ஒன்டாரியோவில 13 வீத வரி வரும். பீப்பாய், மேகசின் எண்டா 2023 டிசம்பரில நிறைவேறின சி-21 துவக்குச் சட்டத்துக்குப் பிறகு பி.ஏ.எல் காட்டோணும், ஸ்பிரிங்குக்கு அது தேவைப்படாது. சந்தேகம் இருந்தா ஓடருக்கு முன்னம் எல்லைச் சேவை முகவரகத்தின்ர டி19-13-2 குறிப்பாணையை வாசியுங்கோ.

கடைசல்:
ஸ்பிரிங் எண்டா எல்லையே தாண்டத் தேவையில்லை. இந்தத் துவக்கு செய்ததே டொராண்டோ லாங் பிராஞ்சில. பழைய இராணுவச் சாமான் விக்கிற கனடாக் கடையள், துவக்குக் கண்காட்சி மேசையள் எல்லாம் பாருங்கோ. பிரிட்டனிலயும் அமெரிக்காவின்ர சவேஜ் கொம்பனியிலயும் செய்த நம்பர் 4களின்ர ஸ்பிரிங்கும் சரிவரும். வாங்கேக்க ரெண்டா வாங்குங்கோ.