கல்கி எழுதிய முகமும் திரையில் வந்த முகமும்: பொன்னியின் செல்வன் நடிகர்களை எதை வைத்து அளப்பது?

ஏரிக்கரை:

எங்கள் வாசகர் வட்டத்தில் அடுத்த கூட்டத்துக்கு 'பொன்னியின் செல்வன்' நாவலையும் இரண்டு படங்களையும் பாத்திரவாரியாக ஒப்பிட்டுப் பேச வேண்டும். "கார்த்தி அப்படியே வந்தியத்தேவன்தான்", "நந்தினி நான் நினைத்த மாதிரி இல்லை" என்ற அளவிலேயே பேச்சு நின்றுவிடுகிறது. ஒரு நடிகர் பாத்திரத்துக்கு நியாயம் செய்தாரா என்று எதை வைத்துச் சொல்வது? தோற்றமா, வயதா, குணமா? நாவலில் எந்த இடங்களைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்?

பனை இலச்சினை:

முதலில் ஒரு கணக்கு. ஐந்து பாகங்களில் 57, 53, 46, 46, 91 என்று மொத்தம் 293 அத்தியாயங்கள். இரண்டு படங்களும் சேர்ந்து சுமார் ஐந்தரை மணி நேரம். அத்தியாயத்துக்கு ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல்தான் கிடைக்கிறது. ஆகவே "நாவலில் இருந்தது படத்தில் இல்லை" என்பதை நடிகர் கணக்கில் எழுதக்கூடாது. இருக்கிற காட்சியில் அவர் என்ன செய்தார் என்பதை மட்டும் எழுதுங்கள்.

அடுத்து, மனதில் இருக்கிற முகம் யார் கொடுத்தது என்று பிரித்துப் பாருங்கள். 1950 முதல் 1954 வரை 'கல்கி' இதழில் தொடராக வந்தபோது மணியம் வரைந்த படங்கள்தான் பலருக்கும் நந்தினி, குந்தவை எல்லாம். மணியத்தின் கோட்டோடு ஒப்பிட்டுவிட்டு, கல்கியின் எழுத்தோடு ஒப்பிட்டதாக நினைத்துக்கொள்கிறோம்.

எழுத்தில் இருப்பது என்ன? நந்தினியையும் குந்தவையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கல்கி வருணிக்கிற பத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். நந்தினிக்குப் பொன் நிறம், முழுநிலவு போல வட்ட முகம், சிறகு விரித்த வண்டு போல அகன்ற கண். குந்தவைக்குச் செந்தாமரை நிறம், சிலையில் வார்த்தது போலச் சற்று நீளவாக்கான முகம், காதளவு நீண்ட கண். இதை வைத்துப் பார்த்தால் த்ரிஷாவின் முகவெட்டு குந்தவைக்கு நன்றாகவே பொருந்துகிறது. ஐஸ்வர்யா ராயின் முகம் வட்டமில்லை. ஆனால் அந்தப் பத்தியின் வேலையே இரண்டு அழகுகளை எதிரெதிரே நிறுத்துவதுதான். அந்த எதிர்நிலை திரையில் நிற்கிறதா என்று பாருங்கள், நிற்கிறது. ஊமை ராணி மந்தாகினியாகவும் ஐஸ்வர்யா ராயே வருவது சரியான முடிவு. நந்தினிக்கும் மந்தாகினிக்கும் உள்ள முகச்சாயலில்தான் கதையின் பாதி முடிச்சு தொங்குகிறது.

தோற்றத்தில் உண்மையாகவே இடறக்கூடிய பாத்திரம் வைணவ ஒற்றன் ஆழ்வார்க்கடியான் நம்பி. கட்டை குட்டையான உடம்பு, முன்குடுமி, உடம்பெங்கும் சந்தன நாமம், கையில் குறுந்தடி. இந்த நான்கில் ஒன்று தவறினாலும் ஆள் மாறிவிடுவார். ஜெயராம் அந்த உடம்பைக் கொண்டுவந்துவிட்டார். குறையாக நிற்பது வாய்தான். நாவலில் வரும் நம்பி வழிமறித்து வாதம் செய்கிறவர். சைவரோடு சண்டை பிடிப்பது வேடிக்கைக்கு மட்டுமில்லை, ஒற்றனுக்கு அதுவே திரை. படத்தில் அந்த வாதங்கள் சுருங்கியதால் குறும்பு தெரிகிற அளவுக்கு உளவு தெரியவில்லை.

கணவாய்74:

மேலே சொன்னதில் ஒன்றை மறுக்கிறேன். திரைக்கதை வெட்டியதை நடிகர் கணக்கிலிருந்து எடுத்துவிட்டால் போதாது, அதைத் தனிக் கணக்காகவே எழுத வேண்டும். குணம் கெட்ட இடங்களெல்லாம் அங்கேதான் இருக்கின்றன.

வந்தியத்தேவனைப் பாருங்கள். நாவலில் ஆடிப் பதினெட்டாம் பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் தன்னந்தனியாகக் குதிரையில் வருகிறான். எழுபத்து நான்கு கணவாய்களை (ஏரியின் மதகுகளை) எண்ணிக்கொண்டு போகிறான். வேடிக்கை பார்க்கிறவன், வாய்த்துடுக்கு, அவசரக்காரன் என்று முதல் சில பக்கங்களிலேயே தெரிந்துவிடுகிறது. படத்தில் அவனை முதலில் பட்டத்து இளவரசன் ஆதித்த கரிகாலனோடு போர்க்களத்தில் பார்க்கிறோம். ஏரிக்கரைக்கு அப்புறம்தான் வருகிறோம். வீரன் என்று தெரிந்த பிறகு துடுக்கைப் பார்ப்பதும், துடுக்கைப் பார்த்த பிறகு வீரன் என்று கண்டுகொள்வதும் ஒன்றல்ல. கார்த்தி குரலிலும் கண்ணிலும் அந்தத் துடுக்கை மீட்டுவிடுகிறார், அது முழுக்க அவர் சாதனை.

ஆனால் அவனை ஒருதலையாகக் காதலிக்கும் மணிமேகலை படத்திலேயே இல்லை. நாவலின் கடைசி அத்தியாயம் 'மலர் உதிர்ந்தது!'. அவள் வந்தியத்தேவன் மடியில் உயிர்விடுகிற இடம். விளையாட்டுப் பிள்ளையாக ஏரிக்கரையில் தொடங்கியவன் அங்கேதான் முதிர்கிறான். அந்தக் காட்சி இல்லாமல் எந்த நடிகராலும் வந்தியத்தேவனை முடித்துக்காட்ட முடியாது.

மதுராந்தகன் இன்னும் மோசம். நாவலில் அரண்மனையில் வளர்ந்தவன் உண்மையான மதுராந்தகன் இல்லை, நந்தினியோடு பிறந்தவன். பூக்கட்டிக்கொண்டிருக்கிற சேந்தன் அமுதன்தான் அரசி செம்பியன் மாதேவியின் உண்மையான மகன், அவன்தான் உத்தம சோழனாக முடிசூடுகிறான், பூங்குழலி அவன் மனைவியாகிறாள். படம் அந்த ஆள்மாறாட்டத்தையே எடுத்துவிட்டது. மதுராந்தகனாக ரகுமானும் சேந்தன் அமுதனாக அஸ்வின் காக்குமனுவும் நடித்தது பெயரளவில்தான் அந்தப் பாத்திரங்கள். அவர்களை ஒப்பிடுவதில் பயனில்லை, விட்டுவிடுங்கள்.

விக்ரமுக்கு நேர் எதிர். கரிகாலன் நாவலில் நெடுநேரம் பிறர் வாயில்தான் வாழ்கிறான். படம் அவனை முன்னால் இழுத்ததால் விக்ரமுக்கு நாவலைவிடப் பெரிய இடம் கிடைத்தது. வயது பொருந்தவில்லை என்பது சரி, ஆனால் அந்தத் தன்னைத்தானே தின்கிற கோபம் கல்கியுடையதுதான்.

சீவாளி:

ஒப்பிடப் பழக வேண்டுமானால் 'தில்லானா மோகனாம்பா'ளில் தொடங்குங்கள். கொத்தமங்கலம் சுப்பு 'கலைமணி' என்ற பெயரில் விகடனில் எழுதியது, கோபுலுவின் ஓவியங்களோடு. 1968-இல் படம். பாத்திரங்கள் குறைவு, சிக்கலும் குறைவு.

அதன் நாயகன், நாதஸ்வரக்காரர் சிக்கல் சண்முகசுந்தரத்துக்கு இரண்டு சோதனை. ஒன்று தொழில். படத்துக்கு உண்மையில் வாசித்தவர்கள் மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். சிவாஜி வாசிக்கிற மாதிரி காட்ட வேண்டும். விரலை மட்டும் பார்க்காதீர்கள். சங்கதி (ஒரு இசைத் தொடர்) முடிகிற இடத்தில் மூச்சு வாங்க வேண்டும், அப்போது கன்னம் தளரும், தோள் லேசாக ஏறும். ஒரே சுரத்தில் நிற்கிற நீண்ட கார்வையில் கழுத்து நரம்பு புடைக்க வேண்டும். மூச்சு வாங்கும் இடம் பாட்டோடு தவறினால் நாதஸ்வரம் கேட்டுப் பழகினவர்களுக்கு உடனே பொய் தெரியும். சிவாஜியிடம் அந்தத் தவறு அரிது. பக்கத்தில் தம்பியாக வாசிக்கும் ஏ.வி.எம். ராஜனைப் பாருங்கள், இரண்டு பேர் மூச்சும் சேர்ந்து விழுகிறதா என்று.

இரண்டாவது குணம். கோயிலில் வாசிக்கும்போது வாணவேடிக்கை கிளம்பியதும் வாத்தியத்தை நிறுத்துகிற இடம். அங்கே கோபம் மட்டும் தெரிந்தால் அது சாதாரண முன்கோபி. வித்தைக்கு வந்த அவமானமாக அவர் அதை எடுத்துக்கொள்வது தெரிந்தால்தான் அது சண்முகசுந்தரம்.

ஏரிக்கரை:

நன்றி. பெரிய பழுவேட்டரையரை எப்படிப் பார்ப்பது? சரத்குமார் கம்பீரமாக இருக்கிறார் என்பதோடு எங்கள் பேச்சு முடிந்துவிடுகிறது.

பனை இலச்சினை:

கம்பீரம் அந்தப் பாத்திரத்தில் எளிதான பாதி. இருபத்து நான்கு போர்க்களம், அறுபத்து நான்கு விழுப்புண் என்று கல்கி சொல்லிவிட்டார், அந்த உடம்பு சரத்குமாரிடம் இருக்கிறது. கடினமான பாதி, அதே கிழவர் தன் இளம் மனைவி நந்தினி முன்னால் கரைவது. அவர் நந்தினியோடு தனியாக இருக்கும் காட்சியையும் நள்ளிரவுச் சதிக் கூட்டத்தில் தலைமை தாங்கும் காட்சியையும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள். முதல் முறை ஒலியை நிறுத்திவிட்டு: தோளும் கழுத்தும் மாறுகிறதா? இரண்டாம் முறை கண்ணை மூடிக்கொண்டு: குரல் மாறுகிறதா?

நந்தினிக்கும் இதே முறைதான், ஆனால் அங்கே குரல் தீபா வெங்கட்டுடையது. ஐஸ்வர்யா ராய்க்குக் கண்ணுக்கு மட்டும் மதிப்பெண் போடுங்கள், குரலுக்கு வேறு தாளில்.