ஏ.எஸ். முதுகுவாதம்: அசையாம இருக்கணுமா, அசைஞ்சுட்டே இருக்கணுமா?

திருப்பூர் டெய்லர்:
வணக்கங்க. வயசு 29, பனியன் கம்பெனியில ஓவர்லாக் டெய்லர். மூணு வருஷமா அடிமுதுகுலயும் புட்டத்துலயும் வலி. விடிகாலை நாலு மணிக்கு வலியே எழுப்பி விட்டுரும். எந்திரிச்சா ஒரு மணி நேரம் உடம்பு கட்டையாட்டம் இருக்கும், மதியத்துக்கு மேல பரவால்ல. டிஸ்க்குன்னு நெனச்சு ஒரு மாசம் படுத்தே கெடந்தேன், இன்னும் மோசமாச்சு. போன மாசம் வாதநோய் டாக்டர் எம்ஆர்ஐ, எச்எல்ஏ-பி27ங்கற ரத்தப் பரிசோதனை எல்லாம் பார்த்துட்டு ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ், சுருக்கமா ஏ.எஸ்., முதுகெலும்பு மூட்டுல வர்ற அழற்சி வாதம்னு சொன்னார். மாத்திரையோட தினமும் உடற்பயிற்சி செய்யணும்ங்கறார். அம்மா "முதுகு ஒடிஞ்சுரும், ஆடாம இரு"ன்னு அழறாங்க. பத்து மணி நேரம் குனிஞ்சு தைக்கிறவன் நான். எதைக் கேக்கறது?

கோபி வாத்தியார்:
தம்பி, டாக்டர் சொல்றதைக் கேளுங்க. எனக்கு 26 வயசுல வந்தது, இப்ப 51. எங்கம்மாவும் பாய விரிச்சுப் படுக்க வெச்சவங்கதான்.

சாதாரணப் பிடிப்பு படுத்தா அடங்கும். இது படுத்தா ஏறும், நடந்தா எறங்கும். அழற்சி வந்த எடத்துல எலும்பு வளர்ந்து ஒண்ணோட ஒண்ணு ஒட்டப் பார்க்கும். குனிஞ்ச வாக்குல ஒட்டிட்டா அப்புறம் நிமிர முடியாதுங்க. இத்தனை பாடும் அதுக்குத்தான்.

காலையில முதுகுல சுடுதண்ணி ஊத்திக் குளிச்சுட்டு, தலகாணி இல்லாம 15 நிமிசம் குப்புறப் படுப்பேன். தோட்டத்துக் கிணத்துல தண்ணி இருக்கற மாசத்துல நீச்சல். குதிக்கறதில்ல, படியில எறங்கி மெதுவா மல்லாந்துக்குவேன். காத்தால அசையவே மாட்டேன்ன தோள்பட்டை தண்ணிக்குள்ள தானா பின்னால போகும். அந்த சுகத்தை எழுத்துல சொல்ல முடியல தம்பி.

இன்னொண்ணு. மாசம் ஒண்ணாந்தேதி குதிகாலும் புட்டமும் சுவத்துல ஒட்ட நின்னு, தாடையைத் தூக்காம பின்மண்டையைச் சுவத்துல வெச்சுப் பார்ப்பேன். மண்டைக்கும் சுவத்துக்கும் நடுவுல எத்தனை விரல் போகுதுன்னு பார்த்து வீட்டுக்காரி காலண்டர்ல பால் கணக்குக்குப் பக்கத்துல எழுதுவா. 2011ல மூணு விரல். அப்புறம் ஒரு வருசம் வேலை வேலைன்னு பயிற்சிய விட்டேன், நாலு விரலாச்சு. இன்னிக்கும் நாலுதான். போனது திரும்பல. ஆனா அஞ்சாக விடல.

தைக்கும்போது ஒரு பண்டல் முடிஞ்சதும் எந்திரிச்சு நிமிந்து நாலு எட்டு நடங்க. மேசை தாழ்வா இருந்தா கட்டை வெச்சு ஒசத்தித் தரச் சொல்லிக் கேளுங்க, கூச்சப்படாதீங்க.

மதுரை அக்கா:
பொம்பளைங்களுக்கு இது வராதுன்னு சொல்லிச் சொல்லியே எனக்கு ஆறு வருஷம் வீணாப் போச்சு தம்பி. நீ சீக்கிரம் கண்டுபிடிச்சிட்ட, அதுவே பெரிய விஷயம்.

மூச்சுப் பயிற்சிய விட்டுறாத. விலா எலும்பு முதுகோட சேர்ற எடமும் இறுகும். உன்கிட்டதான் இஞ்சு டேப் இருக்கே, மூச்ச முழுசா விட்டுட்டு நெஞ்சச் சுத்தி அளந்து பாரு, முழுசா இழுத்துட்டு இன்னொரு தடவை அள. எனக்கு 3 செ.மீ. தான் விரிஞ்சது, ஒரு வருஷப் பயிற்சியில 4 ஆச்சு. சிகரெட் பழக்கம் இருந்தா இன்னிக்கே நிறுத்து.

வீடியோ பார்த்து நெத்தி முட்டியில படுற மாதிரி குனிஞ்சு, ஒரு வாரம் படுக்கையில கெடந்தேன். குனியிற ஆசனத்த விட நிமிர்ற பயிற்சிதான் நமக்கு முக்கியம். பிசியோதெரபிஸ்ட் கிட்ட ஒரு தடவ நேர்ல கத்துக்க.

ஒரு கண்ணு மட்டும் செவந்து வலிச்சு, வெளிச்சத்தப் பார்க்கக் கூசுச்சுன்னா மெட்ராஸ் ஐன்னு கடையில சொட்டு மருந்து வாங்கிராத. இந்த நோயோடவே வர்ற கண் அழற்சியா இருக்கலாம். அன்னிக்கே கண் டாக்டரப் பாரு.

திருப்பூர் டெய்லர்:
ரொம்ப நன்றிங்க. வலி ஏறிக் கெடக்கற நாள்ல என்ன பண்றதுங்கய்யா?

கோபி வாத்தியார்:
கொறைச்சுக்கங்க, நிறுத்தாதீங்க. நீச்சலும் வேகநடையும் வேண்டாம். படுத்த எடத்துலயே முட்டிய மடக்கி நீட்டுங்க, மூச்சை இழுத்து விடுங்க, வீட்டுக்குள்ள நடங்க. ரெண்டு வாரம் அப்படியே இருந்தா மருந்தை மாத்தணுமான்னு டாக்டர்கிட்டக் கேளுங்க. ஊசி மருந்தெல்லாம் இப்ப இருக்கு. ஆனா கீழ விழுந்தாலோ, புதுசா ஒரு எடத்துல சுளீர்னு வலிச்சாலோ பயிற்சி பண்ணிச் சரிபண்ணலாம்னு நெனைக்காதீங்க. இறுகின முதுகெலும்பு லேசான அடிக்கே முறியும். உடனே ஆஸ்பத்திரி.

திருப்பூர் டெய்லர்:
இன்னிக்குக் காலையில அம்மாவையே கூப்புட்டு சுவத்தோரமா நின்னேனுங்க. விரலை விட்டுப் பார்த்துட்டு, "மண்டை ஒட்டிட்டுத்தான்டா இருக்குது"ன்னாங்க. காலண்டர்ல அவங்க கையாலயே சைபர் போட்டாங்க. டேப் வெச்சு அளந்ததுல 5 செ.மீ. வந்துச்சு. நாளைக்கு விடியக்காலம் சுடுதண்ணி வெச்சுத் தரேன்னு சொல்லியிருக்காங்க.