வலது கையில் மூன்று விரல் போன பிரஸ் ஆபரேட்டர்: திரும்ப வரும்போது எங்கே உட்கார வைப்பது?

தடா_எச்ஆர்

தடா பக்கம் ஷீட் மெட்டல் யூனிட், மொத்தம் 85 பேர். ஆபரேட்டர் ஒருவருக்கு பவர் பிரஸ்ஸில் (தகட்டை அழுத்தி வெட்டும் மெஷின்) வலது கை நடுவிரல், மோதிர விரல், சுண்டுவிரல் மூன்றும் அடியோடு போய்விட்டன. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நன்றாக இருக்கின்றன. வலதுகைப் பழக்கக்காரர். வீடு ஆரம்பாக்கத்தில், அதாவது தமிழ்நாட்டுப் பக்கம். கம்பெனி ஆந்திராவில். இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) லீவில் இருக்கிறார், புண் ஆறிவிட்டது.

மேனேஜ்மென்ட் இரண்டு வழி சொல்கிறது: ஒரு தொகை கொடுத்து ராஜினாமா எழுதி வாங்குவது, இல்லை கேட்டில் செக்யூரிட்டியாகப் போடுவது. அவரோ வேலைதான் வேண்டும் என்கிறார். இ.எஸ்.ஐ. மெடிக்கல் போர்டு போடும் ஊன சதவீதம் வந்த பிறகு முடிவு செய்யலாம் என்று அக்கவுன்ட்ஸ் சொல்கிறது. காத்திருக்க வேண்டுமா? கியூசி (தரச் சோதனை), ஸ்டோர்ஸ், பேக்கிங் மூன்றிலும் ஆள் தேவை இருக்கிறது. எது சரிவரும்?

கிளை_அலுவலக_வாசல்

போர்டுக்காகக் காத்திருக்க வேண்டாம் சார். பண ஃபைல் வேறு, வேலை ஃபைல் வேறு. இரண்டையும் ஒரே கயிற்றில் கட்டினால் இரண்டுமே நகராது.

பணத்தை முதலில் பார்ப்போம். லீவில் இருக்கும் நாட்களுக்குத் தற்காலிக ஊனப் பலன், சராசரி தினக்கூலியில் 90 சதவீதம். அது ஓடும் காலத்தில் வேலையை விட்டு நீக்கினால் சட்டச் சிக்கல் வரும். இப்போது எழுதி வாங்குவது பற்றிப் பேசுவதே கம்பெனிக்கு ஆபத்து என்று மேனேஜ்மென்டிடம் சொல்லுங்கள். டாக்டர் இறுதிச் சான்று கொடுத்ததும் இந்தப் பலன் நிற்கும். அடுத்தது நிரந்தர ஊனப் பலனுக்காக மெடிக்கல் போர்டு. இ.எஸ்.ஐ. அட்டவணைப்படி ஒரு கையில் மூன்று விரல் இழப்பு 30 சதவீதம். தினக்கூலி 600 ரூபாய் என்று வையுங்கள்: 90 சதவீதம் 540, அதில் 30 சதவீதம் 162. மாதத்துக்குச் சுமார் 4,860 ரூபாய், ஆயுள் முழுக்க.

பலரும் தவறாகப் புரிந்துகொள்வது இதைத்தான்: அவர் வேலைக்குத் திரும்பிச் சம்பளம் வாங்கினாலும் இந்தத் தொகை நிற்காது. "இ.எஸ்.ஐ. பென்ஷன் வருதே" என்று சம்பளத்தைக் குறைக்கக் கூடாது. சதவீதம் குறைவாகப் போட்டால் 3 மாதத்துக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

இன்னொரு சிக்கல், அரை நாள் வேலை. சம்பளத்துக்கு வேலை செய்த நாளுக்கு தற்காலிகப் பலன் கிடைக்காது. "காலையில் 4 மணி நேரம் வரட்டும், மீதியை இ.எஸ்.ஐ. பார்த்துக்கொள்ளும்" என்று திட்டம் போட்டால் அவருக்குத்தான் நஷ்டம். படிப்படியாக நேரத்தைக் கூட்டப் போகிறீர்கள் என்றால் இறுதிச் சான்று வாங்கிவிட்டு, அந்த வாரங்களுக்குக் கம்பெனியே முழுச் சம்பளம் கொடுக்கட்டும்.

எல்லைப் பக்கத்துக்கே உரிய ஒரு தலைவலி: பெயர். ஆந்திரப் பக்கத்து கிளார்க்குகள் இன்டி பேரை (தெலுங்குக்காரர்களின் குடும்பப் பெயர்) முன்னால் போட்டே பழகியவர்கள். நம் ஆட்களின் இனிஷியலை விரித்துக் குடும்பப் பெயர் கட்டத்தில் போட்டுவிடுவார்கள். ஆதாரில் ஒன்று, இ.எஸ்.ஐ.யில் ஒன்று, பேங்கில் ஒன்று என்றால் பணம் மாட்டிக்கொள்ளும். போர்டுக்குப் போகும் முன்பே மூன்றையும் பக்கத்தில் வைத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

கைப்பயிற்சி_ஓடி

நான் ஓடி, அதாவது ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். கேட் வேலை ஏன் வீண் என்று சொல்கிறேன். கையில் பிடிப்பு இரண்டு வகை. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து கிள்ளிப் பிடிப்பது ஒன்று. சுண்டுவிரலும் மோதிர விரலும் உள்ளங்கையோடு சேர்ந்து இறுக்கிப் பிடிப்பது மற்றது. சுத்தியல் பிடிக்கும் பலம் சுண்டுவிரல் பக்கத்திலிருந்துதான் வருகிறது. இவருக்குப் போனது இறுக்கிப் பிடிப்பு. கிள்ளிப் பிடிப்பு அப்படியே இருக்கிறது. ஆகவே கனம் தூக்கும் பேக்கிங் வேண்டாம், ஏர் கிரைண்டர் மாதிரி அதிரும் எதுவும் வேண்டாம். சின்னப் பாகம் எடுத்துப் பார்த்து வைக்கும் கியூசிதான் இந்தக் கைக்குப் பொருத்தம்.

ஆனால் அப்படியே கொண்டுபோய் உட்கார வைத்தால் முதல் நாளே தோற்பார். வெர்னியரை (நுண்ணளவு எடுக்கும் கைக்கருவி) எடுத்துப் பாருங்கள்: மூன்று விரல் அதன் தண்டைச் சுற்றித் தாங்கும், கட்டைவிரல் நகர்த்தும். தாங்கும் விரல்கள் இல்லாவிட்டால் தண்டு தொங்கும், அளவு தப்பும், "கை சரியில்லை" என்று பெயர் வரும். கருவியை மேஜையில் ஸ்டாண்டில் பொருத்திவிட்டு, பாகத்தைக் கொண்டுவந்து அளக்கச் சொல்லுங்கள். திரும்பத் திரும்ப வரும் அளவுகளுக்கு கோ / நோ-கோ கேஜ் (அளவு சரியா தப்பா என்று மட்டும் காட்டுவது) போதும். பார்கோடு ஸ்கேனரையும் கையில் பிடிக்க வேண்டாம், ஸ்டாண்டில் நிறுத்திப் பாகத்தை முன்னால் காட்டட்டும். பேனாவுக்கு ஏசி மெக்கானிக் கடையில் கிடைக்கும் கறுப்பு ஃபோம் குழாயில் ஒரு சின்னத் துண்டு போதும். செக் ஷீட்டை எழுதும் கட்டமாக வைக்காமல் டிக் போடும் கட்டமாக மாற்றுங்கள். தெலுங்கில் மட்டும் இருந்தால் தமிழும் சேருங்கள்.

துண்டான இடம் கூசும். புண் முழுக்க மூடிய பிறகு பஞ்சு, அடுத்து டவல், அடுத்து கிண்ணத்தில் அரிசிக்குள் கையை விட்டு அளைவது என்று ஒரு தடவைக்கு 5 நிமிடம், நாளைக்கு மூன்று நான்கு தடவை. அவசரப்பட்டு அரிசியிலிருந்து ஆரம்பித்தால் வலியில் கையை மறைத்துக்கொள்ளப் பழகிவிடுவார், பிறகு மாற்றுவது கடினம். குளிரும் ஆகாது. அளவை அறையை 20 டிகிரியில்தான் வைத்திருப்பீர்கள். எட்டு மணி நேரம் அதில் உட்கார்ந்தால் நுனி விண்விண் என்று தெறிக்கும். லைன் பக்கத்து இன்ஸ்பெக்‌ஷன் மேஜை கொடுங்கள்.

சூலூர்ப்பேட்டை_சேஃப்டி

ஓடி சொன்னதோடு கிளவுஸைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஐந்து விரல் கிளவுஸைப் போட்டால் மூன்று விரல் காலியாகத் தொங்கும். ஷீட் விளிம்பில் மாட்டும், கன்வேயரில் சிக்கும். காலி விரல்களை அடியில் வெட்டி மடித்துத் தைத்துக் கொடுங்கள், தையல் மேடு வெளிப்பக்கம் வரட்டும். டிரில் மாதிரி சுழலும் மெஷின் பக்கம் யாருக்குமே கிளவுஸ் கூடாது.

"பழைய பிரஸ்ஸிலேயே கால் பெடல் வைத்துக் கொடுத்தால் ஓட்டுவாரே" என்று யாராவது யோசனை சொல்வார்கள். கூடவே கூடாது. இரண்டு கை பட்டன் இருப்பதே இரண்டு கையும் டைக்கு (தகட்டை அழுத்தும் அச்சு) வெளியே இருக்கத்தான். பெடல் வந்தால் கை மறுபடி சும்மா இருக்கும், சும்மா இருக்கும் கை உள்ளே போகும்.

அந்த பிரஸ்ஸில் விரல் எப்படிப் போனது என்று நீங்கள் எழுதவில்லை. ஒரு பட்டனில் டேப் ஒட்டியோ காசு செருகியோ ஓட்டினார்களா? சாதாரண பட்டன் இரண்டை வரிசையாக இணைத்திருந்தால் அது நடக்கும். டூ-ஹேண்ட் சேஃப்டி ரிலே போட்டால் இரண்டையும் அரை நொடிக்குள் சேர்த்து அழுத்த வேண்டும், இரண்டையும் விட்டால்தான் அடுத்த ஸ்ட்ரோக். அதைச் சரிசெய்யாமல் அவரை அந்த மெஷின் கண்ணில் படும் இடத்தில் உட்கார வைக்காதீர்கள்.

தடா_எச்ஆர்

பட்டனில் காசு செருகித்தான் ஓட்டினார்கள் சார், உண்மை. ரிலே வாங்க இன்டென்ட் போட்டாகிவிட்டது. இரண்டு சந்தேகம். மாற்றுத்திறனாளி சட்டப்படி அவருக்கு வேலைப் பாதுகாப்பு உண்டா? அடுத்தது, கியூசிக்குப் போனால் பிரஸ் வேலைக்கு வரும் இன்சென்டிவ் (ஊக்கத்தொகை) போய்விடுமே?

கிளை_அலுவலக_வாசல்

2016 சட்டத்தில் 20(4) பிரிவு, பணியில் ஊனமானவரை நீக்கக் கூடாது, அதே சம்பளத்தில் வேறு பதவி தர வேண்டும் என்கிறது. ஆனால் அது அரசு நிறுவனங்களுக்கு. உங்களைப் பிடிப்பது 21-ம் பிரிவு: சமவாய்ப்புக் கொள்கை எழுதி வெளியிட வேண்டும். 20 பேருக்கு மேல் என்பதால் என்ன வசதி தருவீர்கள், எந்த வேலைகள் ஏற்றவை, தொடர்பு அலுவலர் யார் என்பதும் அதில் வேண்டும். கம்பெனி ஆந்திராவில் என்பதால் பதிவது ஆந்திர மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம். அவருடைய யூடிஐடி அட்டைக்கு (மாற்றுத்திறனாளி அடையாள அட்டை) விண்ணப்பிப்பது தமிழ்நாட்டு முகவரியில். அதில் வரும் சதவீதமும் இ.எஸ்.ஐ. போர்டின் 30-ம் ஒன்றாக இருக்காது. இ.எஸ்.ஐ. பார்ப்பது சம்பாதிக்கும் திறன் இழப்பு, அங்கே பார்ப்பது உடல் குறைபாடு. இரண்டு சான்றையும் ஒன்றின் இடத்தில் ஒன்றைக் காட்டாதீர்கள்.

இன்சென்டிவுக்கு, விபத்துக்கு முந்தைய 3 மாதச் சராசரியைத் தனி அலவன்ஸாகப் போட்டு மாற்றல் உத்தரவிலேயே எழுதிவிடுங்கள். வாய்ப்பேச்சாக விட்டால் அடுத்த மேனேஜர் வந்ததும் முதலில் வெட்டப்படுவது அதுதான்.